பழைய பிக்கப்: தூக்குவதா, மீட்பதா?

கேமரன் மலையில் விடியற்காலையில் எழுபவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. ரிங்லெட், பிரிஞ்சாங், கம்போங் ராஜா ஆகிய இடங்களின் சரிவான தோட்டப் பாதைகளிலிருந்து பழைய வண்டிகள் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மெல்ல இறங்கி வரும். அவற்றுள் சில லேண்ட் ரோவர்கள். அந்தப் பெயரில் முதல் வண்டி 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமானது. மற்றவை ஜப்பானிய பிக்கப்கள். 1968ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸின் பிற்காலப் பிறப்புகளும், மிட்சுபிஷி ஸ்டோர்மும், நிசான் ஃபிரொன்டியரும் அவற்றில் அடங்கும். இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த பிறகும் இவை ஓய்வு பெறவில்லை.

இந்த வண்டிகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒன்று தெரியும். பலவற்றின் பின்பகுதி தாழ்ந்து, உட்கார்ந்ததுபோல் இருக்கும். பாரம் இறக்கிய பிறகும் அது நிமிராது. நகரங்களில் இதற்கு நேர்மாறான பழைய பிக்கப்களைக் காணலாம். பெரிய டயர்களின்மேல் உடல் மிக உயரத்தில் நிற்கும். ஏறுவதற்கே தனியாகப் படி வேண்டும். ஒன்று தன் உயரத்தை இழந்த வண்டி. மற்றொன்று தனக்கு இல்லாத உயரத்தைப் பெற்ற வண்டி. இரண்டும் பட்டறைக்குச் செல்லும்போது ஒரே சொல்லைத்தான் கேட்கிறோம்: “தூக்க வேண்டும்.”

“அண்ணே, வண்டி பின்னால் உட்கார்ந்துவிட்டது. கட்டை வைத்துத் தூக்கிக் கொடுங்கள்” என்று தோட்டக்காரர் கேட்பார்.

“கட்டை வைத்தால் அரை நாளில் முடிந்துவிடும், தம்பி. ஆனால் ஸ்பிரிங் கெட்டது கெட்டதாகவே இருக்குமே” என்பார் அனுபவமுள்ள மெக்கானிக்.

அந்த மெக்கானிக்கின் பதிலில் பெரிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. இழந்த உயரத்தை மீட்பது ஒரு வேலை. புதிய உயரத்தைச் சேர்ப்பது வேறொரு வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். வண்டிக்கு அவை ஒன்றல்ல.

உயரத்தைத் தாங்குவது எது?

பிக்கப்பின் அடியில் ஏணிபோல ஓர் எஃகுச் சட்டம் உண்டு. பட்டறைகளில் இதைச் சேசிஸ் என்பார்கள். உடலும் பாரமும் இதன்மேல் அமர்ந்திருக்கின்றன. சக்கரங்களோ அச்சில் பொருத்தப்பட்டுள்ளன. இவ்விரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் ஸ்பிரிங். வண்டியின் உயரம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஸ்பிரிங் எவ்வளவு வளைந்து நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

பழைய பிக்கப்களின் பின்பக்கத்தில் லீஃப் ஸ்பிரிங் இருக்கும். நீளமான எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் இறுக்கிக் கட்டிய ஸ்பிரிங் இது. பார்ப்பதற்கு நாண் ஏற்றாத வில்போல் வளைந்திருக்கும். ஒரே தடித்த பட்டையைப் போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். பட்டையின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிவிடும். அப்படிப்பட்ட பட்டை வளைய மறுக்கும். வலுக்கட்டாயமாக வளைத்தால் முறியும். மெல்லிய பட்டைகள் பல சேர்ந்தால் நன்றாக வளையவும் செய்யும், பாரத்தைத் தாங்கவும் செய்யும். கட்டு விறகின் கதையைச் சிறுவயதில் கேட்டிருப்போம். இங்கு அது உண்மையிலேயே எஃகில் நடக்கிறது.

ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை இயற்பியல் பாடத்தில் படிக்கிறோம். ஸ்பிரிங்கின்மீது செலுத்தப்படும் விசை எவ்வளவோ, அதற்கேற்ற விகிதத்தில் அது நீளும் அல்லது சுருங்கும். இந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. மீள்தன்மை எல்லையைத் தாண்டி வளைத்துவிட்டால், விசையை எடுத்த பிறகும் எஃகு தன் பழைய வடிவத்துக்கு முழுமையாகத் திரும்பாது.

பிக்கப்பின் பின்பகுதி உட்காருவதற்கு இதுவே காரணம். அளவுக்கு மீறிய பாரத்துடன் குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் பட்டைகள் அந்த எல்லையைத் தொடுகின்றன. ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய அளவு வளைவு திரும்பாமல் போகிறது. பல ஆண்டுகளில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சேர்ந்துவிடுகிறது. பட்டைகளுக்கிடையே ஏறும் துரு வேறு தொல்லை. அது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வதைத் தடுக்கும். சிறு பள்ளத்தில்கூட வண்டி கிறீச்சிட்டு அதிரும்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு செய்தி உண்டு. உட்கார்ந்துபோன ஸ்பிரிங் ‘மெலிந்துவிட்டது’ என்று சொல்வார்கள். உண்மையில், பட்டை முறியாமல் இருந்தால் அதன் விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். போனது விறைப்பன்று, வடிவம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பக்க ஸ்பிரிங் ஒவ்வொரு 40 கிலோகிராமுக்கும் 1 சென்டிமீட்டர் தாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்புறத்தில் 400 கிலோகிராம் காய்கறி ஏற்றினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 200 கிலோகிராம் வரும். ஸ்பிரிங் 5 சென்டிமீட்டர் தாழும். வண்டி புதிதாக இருந்தபோது அச்சுக்கும் அதற்கு மேலுள்ள ரப்பர் தடுப்புக்கும் இடையே 9 சென்டிமீட்டர் இடைவெளி இருந்ததென்றால், பாரம் ஏற்றிய பிறகும் 4 சென்டிமீட்டர் மிஞ்சும். குழியில் சக்கரம் மேலெழும்ப அந்த இடம் தேவை. ஸ்பிரிங் 3 சென்டிமீட்டர் வளைவை இழந்திருந்தால், அதே பாரத்துக்குப் பிறகு மிஞ்சுவது 1 சென்டிமீட்டர் மட்டுமே. அடுத்த பள்ளத்திலேயே அச்சு தடுப்பில் ‘டம்’ என்று மோதும். அந்த அடி அப்படியே சேசிஸுக்குச் செல்லும்.

தாழ்ந்த வண்டி அழகாக இல்லை என்பது சிறிய குறை. அதன் சக்கரங்களுக்கு அசைய இடமில்லை என்பதுதான் கவலைப்பட வேண்டியது.

ஷாக் அப்சார்பரை மாற்றினால் வண்டி நிமிர்ந்துவிடும் என்றும் சிலர் நம்புகிறார்கள். ஷாக் அப்சார்பரின் வேலை ஆட்டத்தை அடக்குவது. பாரத்தைச் சுமப்பது அதன் வேலையன்று. புதியதைப் போட்டால் வண்டி குதிப்பது குறையும். உயரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

அளவு நாடா சொல்வதைக் கேட்போம்

எந்த வேலைக்கும் முன்னால் அளக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தையற்கடை அளவு நாடாவே போதும். சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, பாரத்தை இறக்கி, டயர்களில் சரியான காற்றழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே இருக்கும் சக்கர வளைவின் விளிம்புவரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளப்பதைவிட இது நல்லது. தேய்ந்த டயரும் காற்றிறங்கிய டயரும் தரையளவைக் குழப்பும். சக்கர மையத்திலிருந்து எடுத்த அளவு ஸ்பிரிங்கைப் பற்றி மட்டுமே பேசும்.

நான்கு மூலைகளையும் அளந்து எழுதிவைத்தால் பல செய்திகள் தெரியும். இடமும் வலமும் வேறுபட்டால் ஒரு பக்கத்தில் பட்டை முறிந்திருக்கலாம். இரு பக்கமும் ஒரே அளவில் குறைந்திருந்தால் அது வயதும் பாரமும் செய்த வேலை. முன்புறத்தைவிடப் பின்புறம் சற்று உயரமாக இருந்தால் பதறத் தேவையில்லை. பிக்கப்பைத் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே அப்படி அமைக்கிறார்கள். பாரம் ஏற்றும்போது பின்புறம் தாழ்ந்து, வண்டி சமமாக நிற்கும் என்பதே அவர்களின் கணக்கு.

இந்தக் கணக்கு தெரியாமல், வெறும் வண்டி சமமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முன்புறத்தைத் தூக்குபவர்கள் உண்டு. அவர்கள் பாரம் ஏற்றியதும் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும். முன்விளக்குகளும் உடன் எழும்பும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2.85 மீட்டர் உள்ள ஒரு பிக்கப்பில், பின்புறம் முன்புறத்தைவிட 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால் வண்டி ஏறத்தாழ 1 பாகை சாய்கிறது. ஒரு பாகை சிறியதுதான். ஆனால் 50 மீட்டருக்கு அப்பால் அந்த ஒளிக்கற்றை 87 சென்டிமீட்டர் மேலே போய்விடும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் முகம் இருக்கும் உயரம் அது. மலைப்பாதையின் வளைவில், பனிமூட்டத்தில், அவருக்கு ஒரு நொடி கண் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

குறுக்குவழிகள்

உட்கார்ந்த வண்டியை நிமிர்த்தப் பட்டறைகளில் பல வழிகள் உண்டு. புதிய ஸ்பிரிங் போடுவது ஒன்று. மற்றவை மலிவானவை, விரைவானவை, அதனாலேயே கவர்ச்சியானவை.

முதலாவது ஷேக்கிளை மாற்றுவது. லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு முனை சேசிஸில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனை ஷேக்கிள் எனப்படும் ஊஞ்சல் போன்ற இணைப்பில் தொங்கும். ஸ்பிரிங் வளையும்போது அதன் நீளம் மாறுவதால் ஒரு முனை ஆடித்தான் ஆக வேண்டும். இந்த ஷேக்கிளைவிட நீளமான ஒன்றைப் போட்டால் சேசிஸ் மேலே எழும். எவ்வளவு எழும்? ஷேக்கிளை 10 சென்டிமீட்டர் கூட்டினால் வண்டியும் 10 சென்டிமீட்டர் உயரும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அச்சு இருப்பது ஸ்பிரிங்கின் நடுவில். ஒரு முனையை மட்டும் நகர்த்தும்போது நடுப்பகுதி ஏறக்குறைய பாதி அளவே நகரும். ஆகவே கிடைப்பது 5 சென்டிமீட்டர்தான். அதோடு அச்சும் சற்றே திரும்பிவிடும். எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் மூட்டுகள் தவறான கோணத்தில் சுழலும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுவதும் நடுங்கத் தொடங்கும்.

இரண்டாவது, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது. பின்னச்சில் நல்ல தரமான கட்டையும் அதற்கேற்ற நீளமான புதிய யூ போல்ட்டுகளும் போட்டால் இது ஓரளவு ஏற்கத்தக்கது. சில தயாரிப்பாளர்களே பின்புறத்தில் கட்டை வைப்பதுண்டு. முன்னச்சில் இதைச் செய்யவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரங்களின்மீது மிகப் பெரிய விசை வருகிறது. ஸ்டியரிங்கின் இழுப்பும் அங்கேதான். கட்டை நழுவினால் அச்சே இடம் மாறிவிடும். எவ்வளவு நன்றாக வைத்தாலும், கட்டை ஸ்பிரிங்குக்கு உயிர் கொடுப்பதில்லை. மூன்று சென்டிமீட்டர் வளைவை இழந்த பட்டைகள் கட்டையின்மேலும் அதே வளைவில்தான் நிற்கும்.

மூன்றாவது, பழைய கட்டில் இன்னொரு பட்டையைச் செருகுவது. இதில் உயரமும் கூடும், விறைப்பும் கூடும். எப்போதும் பாரத்துடன் ஓடும் வண்டிக்கு இது பொருத்தமாக அமையலாம். வெறுமனே திரும்பும் வேளையிலோ பின்சக்கரங்கள் மேடுபள்ளங்களில் துள்ளும். ஈரச் சாலையில் துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை.

சில பிக்கப்களின் முன்புறத்தில் லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் எனப்படும் முறுக்குத்தண்டு இருக்கும். ஸ்டோர்ம், ஃபிரொன்டியர் போன்ற வண்டிகளில் இதைக் காணலாம். நீண்ட எஃகுத் தண்டு ஒன்றின் ஒரு முனை சேசிஸில் இறுகியிருக்கும். மறுமுனை சக்கரத்தின் கையோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். சேசிஸில் உள்ள முனையில் ஒரு போல்ட் உண்டு. அதைத் திருகினால் முன்புறம் உயரும். காசு செலவில்லாமல், ஸ்பேனர் ஒன்றே போதும் என்பதால் இந்தப் போல்ட்டுக்கு ரசிகர்கள் அதிகம்! இதைத் திருகினால் முன்புறம் ‘பலமாகிவிடும்’ என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. தண்டின் விறைப்பு அதன் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது. போல்ட்டைத் திருகுவதால் அது மாறாது. மாறுவது நிற்கும் இடம் மட்டுமே. சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்துவிடும். அதனால் வண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது ‘டக்’ என்று மேல்தடுப்பில் முட்டும். ஓட்டுநர் அதை ஸ்பிரிங்கின் பலம் என்று நினைத்துக்கொள்கிறார். சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் மூட்டுகளும் கூர்மையான கோணத்தில் மடங்கி, அவற்றின் ரப்பர் உறைகள் விரைவில் கிழியும்.

தேய்ந்த தண்டு ஓரிரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், அதே போல்ட்டைக்கொண்டு பழைய அளவுக்குக் கொண்டுவருவது முறையான வேலைதான். போல்ட்டை வைத்ததே அதற்காகத்தான்.

ஏமாறும் பிரேக்

உயரத்தைப் பற்றிப் பேசுபவர்களில் பலர் கவனிக்காத ஒரு சிறு பொருள் பழைய பிக்கப்களின் அடியில் இருக்கிறது. எனக்குக் கேட்டால், வண்டியைத் தூக்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. பேருந்து திடீரென நிற்கும்போது நாம் முன்னால் சாய்வதைப்போல. அப்போது பின்சக்கரங்களின்மீது எடை குறைகிறது. வெறும் பிக்கப்பின் பின்புறம் ஏற்கனவே இலேசானது. அந்தச் சக்கரங்களுக்கும் முழு அழுத்தத்தில் பிரேக் கொடுத்தால் அவை சுழலாமல் பூட்டிக்கொள்ளும். வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் வீசி எறியப்படும். பாரம் ஏற்றிய பிறகு நிலைமை வேறு. பின்சக்கரங்கள் தரையை நன்றாக அழுத்துகின்றன. அவையும் முழுமையாகப் பிரேக் பிடித்தால்தான் வண்டி நிற்கும்.

வெறும் வண்டிக்குக் குறைவான அழுத்தம், பாரவண்டிக்கு அதிக அழுத்தம். இதை யார் முடிவு செய்வது? பல பழைய பிக்கப்களில் சேசிஸில் பொருத்தப்பட்ட ஒரு வால்வு முடிவு செய்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய தண்டு பின்னச்சுவரை செல்லும். சேசிஸுக்கும் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை அந்தத் தண்டு வால்வுக்குத் தெரிவிக்கிறது. தூரம் அதிகம் என்றால் வண்டி வெறுமையாக இருக்கிறது; தூரம் குறைவு என்றால் பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது. கணினியோ மின்சாரமோ இல்லாத எளிய அறிவு!

எளிய அறிவை ஏமாற்றுவதும் எளிது. வண்டியை 5 சென்டிமீட்டர் தூக்கிவிட்டோம் என்றால், பாரம் ஏற்றிய பிறகும் அந்த வால்வு ‘வண்டி காலி’ என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பின்பிரேக்குகளுக்குச் செல்ல வேண்டிய அழுத்தத்தை அது தடுத்துவிடும். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பாதை சுமார் 60 கிலோமீட்டர் நீளமானது. வளைவுக்குப் பின் வளைவாகச் செல்வது. அந்தப் பாதையில் முழு பாரத்தையும் முன்பிரேக்குகள் மட்டுமே அடக்க வேண்டியிருந்தால் அவை சூடேறும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் தன் பிடியை இழக்கும்.

உட்கார்ந்துபோன ஸ்பிரிங் இதே வால்வை எதிர்த்திசையில் ஏமாற்றுகிறது. வண்டி காலியாக இருந்தாலும் தூரம் குறைவாக இருப்பதால், பாரம் இருப்பதாக நினைத்துப் பின்பிரேக்குகளுக்கு அதிக அழுத்தத்தை அனுப்பும். காய்கறியை இறக்கிவிட்டு மழையில் மலையேறித் திரும்பும் ஓட்டுநர் திடீரெனப் பிரேக்கை மிதித்தால், பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே, தாழ்ந்த வண்டியை அப்படியே விட்டுவைப்பதும் பாதுகாப்பானதன்று.

கூடுதல் பட்டை செருகிய வண்டியிலும் வால்வுக்குக் குழப்பம் வரும். ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதால் அதே பாரத்துக்கு அது குறைவாகவே தாழும். 400 கிலோகிராம் ஏற்றினாலும், வால்வுக்கு அது 250 கிலோகிராம் போலத் தோன்றலாம். முதலில் இருந்த விறைப்பிலும் வளைவிலும் உள்ள புதிய ஸ்பிரிங்கைப் போட்டால்தான் வால்வுக்குத் தன் பழைய கணக்கு சரியாக வரும். எவரும் ஏதும் சொல்லிக்கொடுக்காமலேயே அது மீண்டும் உண்மையைப் படிக்கத் தொடங்கும். தூக்கியே தீர வேண்டும் என்றால், உயர்த்திய அளவுக்கு ஏற்ப அந்தத் தண்டின் பிடிப்பிடத்தையும் மாற்றி, அழுத்தமானி கொண்டு பிரேக் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். அச்சுக்குச் செல்லும் ரப்பர் பிரேக் குழாயும் போதிய நீளம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். சக்கரம் முழுமையாகக் கீழே தொங்கும்போது அந்தக் குழாய் இழுபட்டு நிற்கக் கூடாது.

உயரம் தருவதும் எடுப்பதும்

வண்டியைத் தூக்குவது எப்போதும் வீண் என்று சொல்வது நியாயமாகாது. செம்பனைத் தோட்டங்களின் மண்பாதைகளில் மழைக்காலத்தில் ஆழமான தடங்கள் விழும். அங்கே சேசிஸின் வயிறு மண்ணில் தட்டாமல் இருக்க உயரம் உதவும். செங்குத்தான மேட்டில் ஏறத் தொடங்கும்போது முன்பம்பர் இடிக்காமலும் இருக்கும். அளவோடு, முழுமையான பாகங்களுடன், தெரிந்தவர் கையால் செய்யப்படும் 3 முதல் 5 சென்டிமீட்டர் உயர்வு பலருக்குப் பயன்பட்டிருக்கிறது.

ஆனால் எதை உயர்த்துகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பிக்கப்பின் பின்னச்சின் நடுவே பானைபோல உப்பியிருக்கும் டிஃபரென்ஷியல் பெட்டிதான் பல வண்டிகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது. கல்லில் இடிப்பதும் பெரும்பாலும் அதுவே. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தப் பெட்டி ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. காரணம் எளிது: அது ஸ்பிரிங்குக்குக் கீழே, அச்சோடு சேர்ந்திருக்கிறது. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். டயரின் விட்டம் 7 சென்டிமீட்டர் கூடினால் அச்சு 3.5 சென்டிமீட்டர் உயரும். பெரிய டயருக்கும் விலை உண்டு. விட்டம் 70 சென்டிமீட்டரிலிருந்து 77 சென்டிமீட்டரானால், வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

உயரம் எடுத்துக்கொள்ளும் மிகப் பெரிய விலை நிலைத்தன்மை. ஒரு வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதைக் கணிக்க ஓர் எளிய விகிதம் உண்டு. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே உள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையும் வாகனங்கள் கவிழும் வாய்ப்பை மதிப்பிட இந்த விகிதத்தைப் பயன்படுத்துகிறது. எடுத்துக்காட்டாக, பாதி அகலம் 72 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 65 சென்டிமீட்டர் என்றால் விகிதம் 1.11. ஈர்ப்பு மையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் விகிதம் 0.96 ஆகக் குறையும். அசையாமல் நிற்கும் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போனால், முதல் நிலையில் அது சுமார் 48 பாகையில் கவிழும். இரண்டாம் நிலையில் சுமார் 44 பாகையிலேயே கவிழும்.

நான்கு பாகைதானே என்று தோன்றலாம். ஆனால் ஓடும் வண்டி இந்தக் கணக்கு சொல்வதைவிட முன்னதாகவே கவிழக்கூடும். ஸ்பிரிங்குகள் வளைவில் சாய்ந்துகொடுக்கின்றன; டயர்கள் பிதுங்குகின்றன; ஒரு பக்கச் சக்கரம் சாலையோரக் குழியில் இறங்குகிறது. கூடைகளை ஐந்தாறு அடுக்குகளாக ஏற்றிக் கயிறு கட்டிய வண்டியில் ஈர்ப்பு மையம் இன்னும் மேலே போய்விடுகிறது. உழைக்கும் பிக்கப் ஏற்கனவே தன் நிலைத்தன்மையில் ஒரு பகுதியைப் பாரத்துக்காகச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. மீதமிருப்பதையும் அழகுக்காகச் செலவழிக்க வேண்டுமா என்பதை உரிமையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். பின்னிருக்கையில் பிள்ளைகளும் அமர்ந்து வருவார்கள் என்றால் அந்த முடிவு எளிதாகவே இருக்கும்.

சட்டமும் இதில் உண்டு. மலேசியாவில் வாகனத்தின் கட்டமைப்பை விரும்பியபடி மாற்ற முடியாது. அதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். சரக்கு ஏற்றும் வண்டிகள் வாகனச் சோதனைக்கும் செல்ல வேண்டியிருக்கும். பழைய அளவுக்கே மீட்கப்பட்ட வண்டிக்கு இங்கே சிக்கல் இல்லை. அது மாற்றமன்று, பழுதுபார்ப்பு.

மீட்பு வேலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் செலவைக் குறைக்க ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிடக் கூடாது. புதிய ஸ்பிரிங்கும் பழைய ஸ்பிரிங்கும் இணையாக நின்றால் வண்டி சாய்ந்துதான் நிற்கும். ஸ்பிரிங்கின் கண்களில் உள்ள ரப்பர் புஷ்களையும், நீண்டு தேய்ந்துபோன யூ போல்ட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுமையாக இறுக்காமல், சக்கரங்கள் தரையில் அமர்ந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

புதிய பட்டைகள் முதல் சில வாரங்களில் சற்றே படிந்து அமரும். அதனால் முதல் நாள் எடுத்த அளவு ஒரு மாதத்துக்குப் பிறகு சிறிது குறைந்திருந்தால் அஞ்ச வேண்டாம். அந்த வேளையில் யூ போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கி, முன்விளக்குகளின் ஒளி விழும் உயரத்தைச் சுவரில் சரிபார்த்து, நான்கு மூலைகளையும் மறுபடி அளந்து பழைய குறிப்புக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த பத்தாண்டுகளில் வண்டி எப்போது, எந்தப் பக்கம் தாழத் தொடங்குகிறது என்பதை அந்தத் தாளே சொல்லும்.